வீட்டுத் தரைக்கு எது தகும்? சாணத் தரை முதல் லேமினேட் வரை

பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையில் உள்ள உப்பிலியபுரத்தில் புது வீடு கட்டுகிறவர்களை இன்று அதிகம் யோசிக்க வைப்பது தரைதான். சுவருக்குச் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்பது ஒரு நாள் பேச்சில் முடிந்துவிடும். தரைக்கென்று துறையூரிலோ திருச்சியிலோ கடை ஏறினால் விட்ரிஃபைடு டைல்ஸ், கிரானைட், மார்பிள், ஆத்தங்குடிக் கல் என்று வரிசை நீள்கிறது. அதன் ஓரத்தில் தேக்குப் பலகை போலவே தோன்றும் லேமினேட்டும் நிற்கிறது. நகரத்து அலுவலகங்களிலும் துணிக்கடைகளிலும் முதலில் காணப்பட்ட இந்தப் பலகை, சிற்றூர்களின் மாடி அறைகளுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது.

லேமினேட் வாங்கலாமா, எப்படிப் போடுவது என்பது புதிய கேள்வி. அதற்கு அடியில் கிடக்கும் கேள்வி மிகப் பழையது. வெயிலும் புழுதியும் தண்ணீர்ப் புழக்கமும் உள்ள ஊரில், வெறுங்காலோடு நடந்து, சம்மணமிட்டுச் சாப்பிட்டு, பாய் விரித்துப் படுக்கிற ஒரு வீட்டின் தரை எதனால் ஆகியிருக்க வேண்டும்? ஒவ்வொரு காலமும் தன் கைக்கு எட்டிய பொருளைக்கொண்டு இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைகளின் பின்னணியையும் குறைகளையும் பார்த்த பிறகே லேமினேட்டை எடைபோட முடியும்.

மண்ணும் சாணமும்

முதல் விடை மண். செம்மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே சாணம் மெழுகுவது. பச்சமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகளிலும், அடிவாரத்து விவசாயிகளின் கூரை வீடுகளிலும் நெடுங்காலம் இருந்தது இந்தத் தரைதான். செலவு கிடையாது. பெயர்ந்தால் அன்றைக்கே பூசிக்கொள்ளலாம். கோடையில் காலுக்கு இதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 46.5 சதவீதம் மண் தரையில் வாழ்ந்தன. பத்தாண்டுக்கு முன் அது 57 சதவீதமாக இருந்தது. மண் தரையைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இந்த எண்களே போதும்.

மண் தரையைப் போற்றுவோர் இரண்டு காரணம் சொல்வார்கள்: அது இயற்கையோடு ஒத்தது, சாணம் கிருமிநாசினி. முதலாவதை மறுப்பது கடினம். சிமென்டுக்கும் டைல்ஸுக்கும் எரிக்கப்படும் எரிபொருளில் ஒரு துளியும் மண் தரைக்குத் தேவையில்லை. இரண்டாவதில் எச்சரிக்கை வேண்டும். சாணத்தின் சில கூறுகள் ஆய்வகத்தில் சில நுண்ணுயிர்களைத் தடுத்திருக்கலாம். ஆனால் பச்சைச் சாணமே குடல் கிருமிகளைச் சுமந்து வரக்கூடியது. மண் தரையில் குடற்புழு தங்குவதும், தவழும் குழந்தைக்கு அது தொற்றுவதும் நன்கு அறியப்பட்டவை.

இந்த விவாதத்தில் மிக வலுவான சான்று மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்குள்ள கோவாவிலா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ‘பிசோ ஃபிர்மே’ திட்டத்தில் ஏழைகளின் மண் தரைகள் அரசுச் செலவில் சிமென்டுத் தரைகளாக மாற்றப்பட்டன. 2009-இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, வீடு முழுவதும் சிமென்டுத் தரையாக மாறும்போது குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும் வயிற்றுப்போக்கு 49 சதவீதமும் குறைகின்றன. இரத்தசோகை குறைந்தது, குழந்தைகளின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்கள் கூடின. தாய்மார்களின் மன நிறைவு உயர்ந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது. மெக்சிகோவின் எண்களைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் தரை என்பது அழகு சார்ந்த விஷயம் மட்டுமே என்ற எண்ணத்தை இந்த ஒரு ஆய்வே அசைத்துவிடுகிறது.

மண் தரையை விட்டுவிடத் தேவையில்லை, மேம்படுத்தினால் போதும் என்ற மூன்றாவது குரலும் உண்டு. ருவாண்டாவில் எர்த்எனேபிள் என்ற அமைப்பு, இடித்து இறுக்கிய மண் தரையின்மேல் தாவர எண்ணெய்ப் பூச்சு கொடுத்துத் தண்ணீர் இறங்காமல் செய்கிறது. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனமும் மண்ணை நவீனக் கட்டடப் பொருளாகவே அணுகுகிறது. இந்தச் சிந்தனை இன்னும் நம் ஊர்க் கொத்தனார்களின் கைக்கு வந்து சேரவில்லை.

சுண்ணாம்பிலிருந்து சிமென்டுக்கு

வசதி படைத்தோரின் விடை சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்துக் குழைத்துப் பூசி, நாள்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரை இந்த மரபின் உச்சம். எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, வெல்லம் ஆகியவை அதில் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. நூற்றாண்டுகள் கடந்தும் முகம் தெரியும் அளவுக்கு மின்னுகிறது அத்தரை. ஆனால் அத்தனை நாள் கூலி கொடுத்து அப்படி ஒரு தரையை இன்று எத்தனை வீட்டில் போட முடியும்?

அந்த இடத்தைச் சிமென்ட் பிடித்தது. திருச்சி மாவட்டத்திலேயே டால்மியாபுரத்தில் 1939-இல் சிமென்ட் ஆலை வந்தது. பிறகு பக்கத்து அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் படுகையைச் சுற்றி ஆலைகள் பெருகின. மூட்டைச் சிமென்ட் கிராமத்துக் கடைக்கு வந்ததும், அதில் இரும்பு ஆக்சைடுத் தூள் கலந்து போடும் காவித் தரை, அதாவது ரெட் ஆக்சைடு தரை, நடுத்தர வீட்டின் அடையாளமாயிற்று. ஸ்ரீரங்கத்து ரேழி, கூடம் முதல் மணச்சநல்லூர் ஓட்டு வீடுகள் வரை அந்தச் சிவப்பைக் காணலாம்.

இந்தத் தரை நல்லபடியாக அமைவது முழுக்கக் கைத்திறனைப் பொறுத்தது. அடிக் கான்கிரீட்டின்மேல் போட்ட கலவை ஈரம் வற்றுவதற்குள் காவிப் பாலை ஊற்றி, இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடம் திட்டாகக் காலமெல்லாம் தெரியும். பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஒரு வாரமாவது நனைக்க வேண்டும். அவசரப்பட்டால் தலைமயிர் போன்ற விரிசல்கள் ஓடும். இத்தனையும் சரியாக அமைந்த தரை, தேங்காயெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க மெருகேறுகிறது. சேர்மானம் இல்லாத ஒரே பரப்பு என்பதால் அழுக்கு தங்க இடுக்கு இல்லை. கேரளத்தில் செலவு குறைந்த வீடுகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய லாரி பேக்கர் போன்றோர் எளிய, உள்ளூர்ப் பொருளாலான தரையின் பக்கம் நின்றார்கள். காவித் தரையின் பலவீனம் பொருளில் இல்லை, ஆளில் இருக்கிறது. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் முதுமை அடைந்துவிட்டார்கள், இளையவர்கள் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். தெரியாத கையில் விட்டால் விரிசலும் திட்டும் நிச்சயம்.

காவித் தரையின் தம்பியாக ஆத்தங்குடிக் கல்லைச் சொல்லலாம். காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து வண்ணச் சிமென்ட் பாலை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டுத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. நடக்க நடக்க மெருகு கூடும். எலுமிச்சை, புளி, ஆசிட் பட்டால் கறை விழும், நிறம் வெளுக்கும். பதித்த சில மாதங்களில் அடியிலிருந்து உப்புப் பூப்பதும் உண்டு. உப்புத் தண்ணீர்க் கிணறுகள் நிறைந்த வறட்சி வட்டாரங்களில் கலவைக்கு எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறோம் என்பதைக் கவனிக்காமல் இந்தக் கல்லைப் பதிப்பது நல்லதல்ல.

மொசைக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சலவைக்கல் துண்டுகளைச் சிமென்டில் பதித்து இயந்திரத்தால் அரைத்து எடுக்கும் அந்தத் தரை, அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பல பத்தாண்டுகள் உழைத்தது. பாலிஷ் போடும் தூசும் நாள்கணக்கான வேலையும் அதை வீடுகளிலிருந்து விரட்டிவிட்டன.

கல்லும் டைல்ஸும்

கடப்பைக் கல் மலிவு, உழைக்கும், கறுப்பு. சமையல் மேடையிலும் அலமாரித் தட்டிலும் இன்றும் அதற்கு இடமுண்டு. கிரானைட் தமிழ்நாட்டிலேயே வெட்டப்படுகிறது. அதையும் பிற கனிமங்களையும் வெட்டி விற்க அரசு 1978-இல் ‘டாமின்’ நிறுவனத்தைத் தொடங்கியது. மார்பிள் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. அது சுண்ணாம்புக் குடும்பத்துக் கல் என்பதால் புளிக்குழம்பு சிந்தினாலே மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கும். புளியில்லாமல் சமைக்காத வீட்டுக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வியைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை.

இவை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது விட்ரிஃபைடு டைல்ஸ். குஜராத்தின் மோர்பியில் பெருகிய ஆலைகள் விலையைக் கீழே இறக்கின. அதிக வெப்பத்தில் சுட்டு, தண்ணீரை உறிஞ்சும் அளவை 0.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த இந்தத் தகடு, தமிழ் வீட்டின் தண்ணீர்ப் புழக்கத்துக்கு ஏறக்குறைய முழு விடை. கரையான் அண்டாது. மஞ்சள், எண்ணெய், குங்குமம் துடைத்தால் போகும். அறுவடை நாளில் சின்ன வெங்காய மூட்டையை வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனாலும் பெரும்பாலும் தாங்கும்.

எதிர்ப்புகள் மூன்று. முதலாவது வழுக்கல். பளபளப்பான டைல்ஸில் தண்ணீர் நின்றால் முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிவது எந்த ஊரிலும் கேட்கக்கூடிய செய்தி. சொரசொரப்பான ‘மேட்’ வகை வாங்கினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும், ஆனால் கடையில் விற்பது பளபளப்பு.

இரண்டாவது, டைல்ஸ் போட்ட பிறகு மூட்டுவலி வந்துவிட்டது என்ற பரவலான புகார். கடினத் தரையில் நெடுநேரம் நின்றால் கால் களைப்பது உண்மை. குளிர்ச்சி பட்டால் ஏற்கெனவே உள்ள வலி சிலருக்குக் கூடுதலாகத் தெரியலாம். டைல்ஸ்தான் மூட்டுத் தேய்மானத்தை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய மருத்துவச் சான்று இல்லை. கிரானைட்டும் காவித் தரையும் கடினத்தில் டைல்ஸுக்குக் குறைந்தவை அல்ல. வீட்டுக்குள் மென்செருப்பு அணிவது தரையை மாற்றுவதைவிட மலிவான தீர்வு.

மூன்றாவது எதிர்ப்பு வீட்டுக்காரர் கண்ணில் படாதது: தொழிலாளியின் நுரையீரல். கல்லையும் டைல்ஸையும் உலர்வாக அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசு சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். பீங்கான் ஆலைகளில் உழைப்பவர்களையும் அது விடுவதில்லை. செயற்கைக் கல் பலகைகளை அறுத்தவர்களிடையே இந்நோய் பரவியதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அவற்றைத் தடை செய்தது. நம் ஊரில் வாசலில் உட்கார்ந்து கட்டர் போடுகிறவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டுதான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொல்வதும் நல்ல முகக்கவசம் வாங்கித் தருவதும் வீட்டுக்காரரின் கடமை.

குளிர்நாட்டில் பிறந்த பலகை

லேமினேட் வேறொரு கேள்விக்கு விடையாகப் பிறந்தது. சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் இதை உருவாக்கி, பெர்கோ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பனிக்காலத்தில் கல் தரையில் கால் வைக்க முடியாத நாடு அது. அங்கே மரத்தரை வழக்கம், ஆனால் அசல் மரம் விலை அதிகம். மரத்தின் தோற்றமும் வெதுவெதுப்பும் குறைந்த விலையில் வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை. 1990-களின் நடுப்பகுதியில் சுவீடனின் வேலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகிய நிறுவனங்கள் பசையே இல்லாமல் ஒன்றோடொன்று ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் விளிம்பைக் கொண்டுவந்தன. அதன் பிறகே இது உலகெங்கும் பரவியது.

பலகையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நான்கு அடுக்குகள். மேலே மெலமைன் பிசினில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த கண்ணாடி போன்ற தேய்மானத் தாள். அதன் கீழே தேக்கு, ஓக் என்று மரத்தின் படம் அச்சிட்ட தாள். நடுவில் மரத்தூள் நாரைப் பிசினோடு அழுத்திய ஹெச்.டி.எஃப். அட்டை. அடியில், பலகை வளையாமல் இழுத்துப் பிடிக்கும் சமநிலைத் தாள். ஆகவே கண்ணுக்குத் தெரியும் மரம் ஒரு படம்தான். தேய்த்துப் பாலிஷ் போட முடியாது. மேல்தாள் தேய்ந்துவிட்டால் பலகையையே மாற்ற வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய முதல் எண் ஏ.சி. தரம். ஐரோப்பியத் தரநிலையின்படி தேய்மானம் தாங்கும் திறனை இது காட்டுகிறது. படுக்கையறைக்கு ஏ.சி.3 போதும், பிள்ளைகள் ஓடி விளையாடும் அறைக்கு ஏ.சி.4 வேண்டும். அடுத்தது தடிமன்: 8 மி.மீ., 12 மி.மீ. இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. தடிமன் கூடினால் நடக்கும்போது எழும் ‘டொக் டொக்’ ஒலி சற்றுக் குறையும். ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேல்தாளும் பூட்டு விளிம்பின் நேர்த்தியும்தான்.

ஈரம், கரையான், வெயில்

லேமினேட்டின் மீதான விமர்சனங்களில் வலுவானது தண்ணீர் பற்றியது. மேல்தாளில் தண்ணீர் இறங்காது, விளிம்பில் இறங்கும். ஹெச்.டி.எஃப். அட்டை நீரை உறிஞ்சி உப்பினால், காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. பலகைகளின் சேர்மானம் எல்லாம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவும் வழக்கமும், வெள்ளி செவ்வாய்தோறும் ஈர மாப் போடும் வழக்கமும் உள்ள வீட்டில் இந்தப் பலகை நெடுநாள் நிற்பது அரிது. புதுமனை புகுவிழாவுக்குப் பசுவையும் கன்றையும் கூடத்துக்குள் ஓட்டி வருவார்கள். தீர்த்தம் தெளிப்பார்கள், மாக்கோலம் போடுவார்கள், பால் பொங்கி வழியும். அந்தக் கூடத்தில் லேமினேட் போட்டிருந்தால் முதல் நாளே சோதனை.

இதற்கு விற்பனையாளர்கள் சொல்லும் பதில், விளிம்பில் மெழுகு பூசிய, தண்ணீர் தாங்கும் வகைகள் வந்துவிட்டன என்பது. சிந்திய தண்ணீரைச் சில மணி நேரம் இவை தாங்குவது உண்மையே. நாள்தோறும் நனைவதைத் தாங்கும் என்று அதிலிருந்து முடிவுகட்டுவது சரியாகாது.

காற்றின் ஈரமும் கணக்கில் வர வேண்டும். அறைக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 35 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். திருச்சி வட்டாரத்தில் ஆடிக்காற்றில் உலர்ந்து கிடக்கும் அறை ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைத் தாண்டி ஈரமாகிறது. பலகை அதற்கேற்ப விரிந்து சுருங்கும்.

கரையானைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. ஹெச்.டி.எஃப். மர நார்தானே, கரையானுக்கு உணவு. தரைமட்டத்தில் உள்ள அறையில், பலகைக்கும் தரைக்கும் இடையிலான இருட்டில் அது வேலை செய்வது மேலே தெரியாது. கட்டும்போதே அடித்தளத்தில் மருந்து அடிப்பதற்கும், கட்டி முடித்த வீட்டில் துளையிட்டு அடிப்பதற்கும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313 வழிமுறை வகுத்திருக்கிறது. அதைச் செய்யாத கீழ்த்தள அறையில் லேமினேட் போடுவதை ஆதரிப்பது கடினம்.

வெயில் பற்றிய வாதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. டைல்ஸும் கல்லும் உடல் சூட்டை விரைவாகக் கடத்துவதால் காலுக்குக் குளுமையாகத் தெரிகின்றன. மரநார்ப் பலகையும் அதன் அடியில் விரிக்கும் ஃபோமும் கடத்துவது மிகக் குறைவு. சுவீடனில் அது வரம். சித்திரை வெயிலில், பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், கீழ்த்தளத் தரை வழியாக மண்ணிலிருந்து கிடைக்கும் இலவசக் குளுமையை நாமே மூடிவிடுகிறோம். முசிறிக் கோரைப்பாயை விரித்து மத்தியானம் தரையில் படுக்கும் சுகம் லேமினேட்டில் கிடைக்காது. மாடியில் கணக்கு சற்று மாறுகிறது. அங்கே மண்ணோடு தொடர்பில்லை, மேல்கூரைச் சூடு இறங்குகிறது, இழப்பு அவ்வளவு பெரிதில்லை. குளிர்சாதனம் போட்ட அறையில் கால் சில்லிடாமல் இருப்பதைச் சிலர் விரும்பவும் கூடும்.

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகள் இதற்கு நல்ல ஒப்பீடு. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் வீட்டில் லேமினேட் இயல்பான தேர்வு. வெளியே பனி, உள்ளே சூடேற்றிய உலர்காற்று, தரையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இல்லை. அங்கே நன்றாக உழைக்கிறது என்று உறவினர் சொல்லக் கேட்டு இங்கே வாங்குவது, அந்த ஊரின் பருவநிலையை விட்டுவிட்டு அதன் தரையை மட்டும் எடுத்துவருவதாகும்.

ஃபார்மால்டிஹைடு சர்ச்சை

மரநார் அட்டையைப் பிணைக்கும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு சிறிது சிறிதாக வெளியேறும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. 2015 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘60 மினிட்ஸ்’, லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற நிறுவனம் விற்ற சீனத் தயாரிப்பு லேமினேட்டுகளில் இந்த வாயு கலிஃபோர்னியா வரம்பை மீறுவதாகக் காட்டியது. தொடர்ந்து வந்த வழக்குகளை அந்நிறுவனம் 3.6 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

2016-இல் அமெரிக்க அரசு நல முகமை ஒன்று, அந்தப் பலகைகளால் ஆபத்து குறைவு என்று முதலில் அறிக்கை தந்தது. கூரை உயரத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்ற மறந்ததால் வாயுவின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கு குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது தெரியவந்ததும் அறிக்கை திருத்தப்பட்டது. திருத்திய பிறகும் புற்றுநோய் அபாயம் சிறியதாகவே மதிப்பிடப்பட்டது. கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை பற்றிய எச்சரிக்கை வலுப்பெற்றது.

வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: அட்டைப் பெட்டியில் இ1 அல்லது அதைவிடக் கடுமையான தரக்குறி இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் வாங்காமல் திரும்புவது. சூடு ஏற ஏற இந்த வாயு அதிகம் வெளியேறும் என்பதால், கோடையில் பூட்டிக் கிடக்கும் நம் மாடி அறைகள் ஐரோப்பிய அறைகளைவிடக் கூடுதல் கவனத்தைக் கோருகின்றன. போட்ட முதல் சில வாரங்கள் சன்னல்களைத் திறந்தே வைக்க வேண்டும்.

போடுவது எப்படி

லேமினேட் தரை கெடுவதற்குப் பாதிக் காரணம் போட்ட விதம். இது தரையோடு ஒட்டாத, மிதக்கும் தரை. அறையின் நான்கு பக்கமும் சுவரிலிருந்து 8 முதல் 12 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இந்த இடைவெளி இல்லாமல் சுவர் முட்டப் போட்டால், மழைக்காலத்தில் பலகை விரிந்து நடுவில் கூடாரம் போல் எழும்பும். இடைவெளியை மறைக்கும் ஸ்கர்டிங்கைச் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. பெரிய அலமாரிகளைப் பலகையின் மேல் நிலையாகப் பொருத்தினாலும் அதே கோளாறு வரும்.

அதற்கு முன் பார்க்க வேண்டியது அடித்தரை. இரண்டு மீட்டர் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் பள்ளம் 2, 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. பழைய டைல்ஸின் மேலேயே போடலாம், ஆனால் தட்டிப் பார்த்து வெற்றொலி வரும் டைல்ஸைப் பெயர்த்துச் சரிசெய்த பிறகு. புதுக் கான்கிரீட் என்றால் ஈரம் வற்ற மாதங்கள் ஆகும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பிரித்தால், அடியில் வியர்த்திருக்கிறதா என்று தெரியும். வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. காய்ந்த தரையில் 200 மைக்ரான் பாலிதீன் விரித்து, மேலே 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் விரிக்க வேண்டும். பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்து, அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழக விட வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. வெட்டுக் கழிவுக்கு எட்டு சதவீதம் சேர்த்தால் 130. 1215 மி.மீ. நீளமும் 195 மி.மீ. அகலமும் உள்ள பலகைகள் எட்டு கொண்ட பெட்டி ஒன்று 20.4 சதுர அடியை மூடும். ஆகவே ஏழு பெட்டிகள். மிஞ்சும் பலகைகளைத் தூக்கி எறியாமல் பரணில் வைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அதே வடிவம் கடையில் கிடைப்பது அரிது.

வேலை ஆள் விஷயத்தில் சிற்றூர்களுக்குக் கூடுதல் சிக்கல். டைல்ஸ் மேஸ்திரி எந்த ஊரிலும் கிடைப்பார். கிளிக் பலகை பூட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் நகரத்திலிருந்து வர வேண்டும். நடுவில் ஒரு பலகை உப்பினால் அதை மாற்றவும் அவரையே அழைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை சேர்மானம் ஓரடியாவது தள்ளி வர வேண்டும், கடைசி வரிசை இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டையும் வீட்டுக்காரர் தெரிந்துவைத்திருந்தால் வேலையைத் தாமே சரிபார்க்கலாம்.

எஸ்.பி.சி. ஒரு நடுவழியா?

சுண்ணாம்புக்கல் தூளையும் பி.வி.சி.யையும் சேர்த்துச் செய்த எஸ்.பி.சி. பலகை, லேமினேட்டின் இரண்டு பெரிய குறைகளையும் தீர்ப்பதாக முன்வைக்கப்படுகிறது. தண்ணீரில் உப்பாது, கரையான் தின்னாது. அதே கிளிக் பூட்டு, அதே மரத்தோற்றம். ஈரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் வீடுகளுக்கு லேமினேட்டைவிட இதுவே ஏற்றது என்று தோன்றுகிறது. ஆனால் இதன் உடலில் பிளாஸ்டிக் இருக்கிறது. மேற்குச் சன்னல் வழியாக வெயில் நேரே விழும் இடத்தில் சூடேறி விரியும், வளையும். குத்துவிளக்குத் திரி விழுந்தால் தழும்பு நிற்கும். தேய்ந்த பிறகு எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு லேமினேட்டைப் போலவே இதற்கும் நல்ல பதில் இல்லை. மண் தரை மண்ணுக்குத் திரும்பும், காவித் தரையை உடைத்தால் பள்ளம் நிரப்ப ஜல்லியாகும். பிசினும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையை ஊராட்சிக் குப்பைக் கிடங்கில் எரிக்கத்தான் செய்வார்கள்.

தீராமல் நிற்பவை

மேலே கண்ட வாதங்களை ஒன்றாக வைத்து எடைபோட்டால், உப்பிலியபுரம் போன்ற ஊரில் கூடம், சமையலறை, பூஜையறை, தரைமட்டத்துப் படுக்கையறை ஆகியவற்றுக்கு லேமினேட் பொருந்தாது என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். அங்கே மேட் வகை டைல்ஸும், கைதேர்ந்த கொத்தனார் கிடைத்தால் காவித் தரையும் மேல். மாடியில், குளியலறை ஒட்டாத, நேர்வெயில் விழாத ஒரு படிப்பறைக்கோ படுக்கையறைக்கோ லேமினேட் போடுவதில் தவறில்லை. ஈரத்துணியைப் பிழிந்து துடைக்கும் ஒழுங்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் உள்ளவை திறந்தே நிற்கின்றன. ஐரோப்பியச் சோதனைக்கூடங்களில் 23 டிகிரி வெப்பத்தில் அளந்த வாயு வெளியேற்றம், மே மாதத்து மாடி அறையில் எவ்வளவு ஆகும்? நம் பருவச் சுழற்சியில் இந்தப் பலகையின் உண்மையான ஆயுள் எத்தனை ஆண்டு? அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டும் குடும்பத்துக்கு, வழுக்காத, குளிர்ந்த, மலிவான தரை எது? கடைசிக் கேள்வி லேமினேட்டைவிடப் பெரியது, அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. காவித் தரைக் கொத்தனார்களின் கைத்திறனைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஒன்று தொடங்கினால் அதற்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் துறையூர், உப்பிலியபுரம் வட்டாரத்தில் காவி, ஆத்தங்குடி, டைல்ஸ், லேமினேட் என ஒவ்வொரு வகைத் தரையிலும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு முழு ஆண்டு தரைச் சூட்டையும் ஈரத்தையும் அளந்து தமிழிலேயே வெளியிட வேண்டும். வீடு கட்டுகிறவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பித் தரை வாங்க வேண்டிய நிலை அப்போதுதான் மாறும்.